தலசீமியாவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்; தீவிரமாக இருந்தால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் உடலில் இரும்பு சேரும். இந்த நோய் உள்ள குழந்தையின் பெற்றோர் இணையத்தில் தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது 'ஸ்டெம் செல்' (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) என்ற சொல்தான். அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சிகிச்சைகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. எதைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இது: ஏற்றப்போவது யாருடைய செல்? குழந்தையின் சொந்த செல் என்றால், மரபணுக் கோளாறுக்கு அதில் என்ன மாற்றம் செய்தார்கள்?

'பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம் சேமித்தோமே, அதையே ஏற்றலாமா?' என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. இது பரம்பரை நோய். அந்தப் பையில் உள்ள செல்லிலும் அதே கோளாறுதான் இருக்கும். வருடா வருடம் பணம் கட்டியவர்களிடம் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. உடன்பிறந்த குழந்தையின் செல் என்றால் கதை வேறு. ஹெச்எல்ஏ (ஒருவர் செல்லை இன்னொருவர் உடல் ஏற்குமா என்று பார்க்கும் திசு அடையாளம்) முழுமையாகப் பொருந்த 25% வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்கு நோயும் இருக்கக் கூடாது என்பதால், கணக்கு சுமார் 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

அப்புறம், 'ஒரே ஊசி, நிரந்தரத் தீர்வு' என்ற தலைப்புகள். பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்த சிகிச்சை உண்மையிலேயே பெரிய விஷயம். நோயாளியின் செல்லை எடுத்து, அதன் மரபணுவைத் திருத்தி, பிறந்த பிறகு அடங்கிப்போகும் கரு ஹீமோகுளோபினை மறுபடி எழுப்புகிறார்கள். ஆனால் அதை ஏற்றுவதற்கு முன் புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுக்க வேண்டும். முடி கொட்டும், வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம், பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். 12 வயதுக்குக் கீழ் அந்த அனுமதி பொருந்தாது. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்!

சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் காட்டினால் அரசு அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பரிசோதனை பதிவாகியிருக்கிறது என்பதற்கான எண், அவ்வளவுதான். பரிசோதனை என்று சொல்லிவிட்டுக் கட்டணமும் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

புதுசைத் தேடும் ஆர்வத்தில் பழையதைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. பொருந்தும் கொடையாளரின் ஸ்டெம் செல்லை ஏற்றும் எலும்பு மஜ்ஜை மாற்று வேலூர் சிஎம்சியில் 1986 முதலே நடக்கிறது. அதற்குக் குழந்தையின் கல்லீரல் நன்றாக இருக்க வேண்டும். 'எப்படியும் புது சிகிச்சை வரப்போகிறதே' என்று இரும்பைக் குறைக்கும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரையை விட்டால், இரும்பு சேர்ந்து கெடுவது அந்தக் கல்லீரல்தான். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.