பேப்பர் விலைக் கணக்கில் எங்கே தப்பு நடக்கிறது?

போட்டோவை இருட்டறையில் ரசாயன முறையில் பிரிண்ட் போடுவதா, இங்க்ஜெட் பிரிண்டரில் போடுவதா என்று யோசிப்பவர்கள் முதலில் இரண்டு பேப்பர் பெட்டிகளின் விலையைப் பார்க்கிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. இருட்டறையின் 8×10 அங்குலத் தாள் 80 சதுர அங்குலம். இங்க்ஜெட்டின் ஏ4 கிட்டத்தட்ட 97. தாள் விலை ஒன்றாகவே இருந்தாலும் ஏ4-இல் ஐந்தில் ஒரு பங்கு இடம் கூடுதல். பெட்டி விலையை விடுங்கள், சதுர அங்குலத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அடுத்தது, ஜோடி சேராத பேப்பர்களை ஒப்பிடுவது. சாதாரண கிளாஸி (பளபளப்பான) இங்க்ஜெட் தாளை, பிளாஸ்டிக் பூச்சில்லாத இருட்டறை ஃபைபர் பேப்பரோடு வைத்துப் பார்த்தால் இருட்டறை கொள்ளை விலையாகத்தான் தெரியும். கிளாஸிக்கு ஜோடி, பிளாஸ்டிக் பூசிய இருட்டறைத் தாளான ஆர்.சி. பேப்பர். ஃபைபருக்கு ஜோடி பரைட்டா என்ற வெண்பூச்சு போட்ட இங்க்ஜெட் தாள், அல்லது ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 கிராம் போன்ற பருத்திப் பேப்பர். அப்படி வைத்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

உண்மையில் பணம் கரைவது குப்பைக்கூடையில். ஒரு நல்ல பிரிண்ட்டுக்கு எத்தனை தாள் போனது என்பதுதான் விலை. இருட்டறையில் சிக்கனம் என்று நினைத்து டெஸ்ட் ஸ்ட்ரிப்பை, அதாவது எவ்வளவு நேரம் ஒளி காட்டுவது என்று சோதிக்கும் துண்டுத் தாளை, தவிர்ப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். ஒரு 8×10 தாளை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டினால் ஐந்து ஸ்ட்ரிப். அதை வானத்து மூலையில் வைக்காமல், முகமும் நிழலும் சேரும் இடத்தில் குறுக்காக வையுங்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரில் படம் கறுக்கிறதே என்று பதறிப் பாதியில் எடுக்கக் கூடாது, ஆர்.சி.க்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், ஃபைபருக்கு இரண்டு நிமிடம் முழுதாகக் கிடக்கட்டும். பாதியில் எடுத்தால் கறுப்பு சாம்பலாகவே நின்றுவிடும், தாளும் வீண். ஃபைபர் பேப்பர் காய்ந்தபின் ஒரு சாயல் கறுக்கும் என்பதால், ஈர ஸ்ட்ரிப்பை நம்பாமல் ஹேர் டிரையரில் உலர்த்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இங்க்ஜெட்டில் தாள் வீணாக முதல் காரணம், மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருப்பது. திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருண்டு வரும். அந்தந்தப் பேப்பருக்கான புரொஃபைலை (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) போடாமல் அச்சிடுவது, மேட் தாளைப் புரட்டி வைத்துவிடுவது, இவையும் அப்படித்தான். மை விலையைச் சேர்க்காத கணக்கு கணக்கே இல்லை. வாரக்கணக்கில் சும்மா கிடந்த பிரிண்டர், மை பீய்ச்சும் துளைகளான நாசில்களைச் சுத்தம் செய்வதற்கே மையைக் குடித்துவிடும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மூடப்பட்டபின் இருட்டறைப் பேப்பருக்கு நாம் இறக்குமதியை நம்பி இருக்கிறோம். அதனால் பழைய ஸ்டுடியோ பெட்டிகளை மலிவாகக் கண்டதும் கை நீள்கிறது. நம் வெயிலில் வருடக்கணக்கில் அலமாரியில் இருந்த பேப்பர் மூட்டம் போட்டிருக்கலாம், அதாவது ஒளி காட்டாமலே டெவலப்பரில் சாம்பலாகலாம். திறந்த பெட்டி என்றால் ஒரு தாள் கேட்டு வாங்கி, சிவப்பு விளக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை நேரே, படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவில் போடுங்கள். மற்றதை ஒளி காட்டாமல் டெவலப் செய்து பிறகு ஹைப்போவில் போடுங்கள். கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது பாதி சாம்பல் அடித்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.