உழவர் சந்தையில் காய்கறி வாங்கும் முறை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே இடைத்தரகரின்றி விற்கும் இடம் என்பதால், இங்கே காய் வாங்கும் முறையும் தெருக்கடையில் வாங்கும் முறையும் ஒன்றல்ல.

விடிந்ததும் போய்விடுவது நல்லது. கீரை வாங்குபவர்களுக்கு இது கட்டாயம்; வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும் முளைக்கீரையும் சிறுகீரையும் வெயில் ஏறினால் துவண்டுவிடும். துணிப்பைகளையும் சில்லறையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் விலைப்பலகையைப் படியுங்கள். மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிக்கடைகளின் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்குமாறு அன்றன்று காலையில் விலை நிர்ணயிக்கப்படுவதால், அதற்குக் கீழே பேரம் பேசுவது விளைவித்தவரின் கூலியிலிருந்து பிடுங்குவதாகும் என்பது என் உறுதியான கருத்து. பலகையிலுள்ள விலைக்கு மேல் கேட்டால் மட்டும் தயங்காமல் சந்தை அலுவலகத்தில் சொல்லலாம்.

பிறகு, எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து, பிடித்த காயின் முன் நின்று, "எந்த ஊரும்மா, எப்பப் பறிச்சது?" என்று கேளுங்கள். தோட்டத்தில் நின்று பறித்தவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். எது இன்று சமைக்க ஏற்றது, எது மூன்று நாள் தாங்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். சந்தையில் விற்கும் உழவர்களுக்கு அடையாள அட்டை உண்டு என்பதால், ஐயம் எழுந்தால் அதைப் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கேரட் போன்றவை கொடைக்கானல் மலைப்பக்கத்திலிருந்து வருபவையா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

கத்தரிக்காயில் காம்பும் அதன் தொப்பியும் பச்சையாக, தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பருத்தது பெரும்பாலும் விதை முற்றியதாக இருக்கும். முருங்கைக்காயை இலேசாக முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும், விறைத்து நின்றால் நார் பிடித்துவிட்டது என்று பொருள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: நாம் ஒடித்துப் போடும் ஒவ்வொரு காயும் அவர் விற்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகும் காய். விரல் நீளத்தில், மெல்லிய பூனைமயிரோடு, பச்சை மாறாமல் இருப்பதைப் பொறுக்கினாலே பிஞ்சு கிடைத்துவிடும்.

சின்ன வெங்காயத்தில் கழுத்துப் பகுதி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமான புது வெங்காயம் குழம்புக்குச் சுவையானதுதான், ஆனால் சேர்த்து வைக்க உதவாது. அதை வீட்டுக்கு வந்தவுடன் நிழலில் பரப்பிவிட வேண்டும். கீரையைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதறி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் காலை வரை வாடாது.