டெம்போ டிராவலரில் போகிறவர்களுக்கான கேமரா யோசனைகள்: தஞ்சாவூர் முதல் தனுஷ்கோடி வரை

பயணத்தில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும், விடியலுக்கு முன்னால் எழுந்து போ, வெளிச்சத்துக்குக் காத்திரு, சரியாக வரவில்லையா, மறுநாளும் அதே இடத்துக்குப் போ என்பார்கள். சரிதான். ஆனால் நம்மில் பலர் போவது பன்னிரண்டு பேர் ஏறிய டெம்போ டிராவலரில். அத்தைக்கு இட்லி சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை, குழந்தை இன்னும் குளிக்கவில்லை, டிரைவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. பெரிய கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே கொதிக்கிற கல். பக்கத்தில் மச்சான் வேறு, "இவ்வளவு பெரிய கேமரா வச்சிருக்கீங்க, என் போன்லயே நல்லா வருதே" என்கிறார்.

பல வருடம் இப்படிப் போய்ச் சொதப்பியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். கேமரா மாற்றினால் தீரும் என்று நினைத்து நானும் ஒருமுறை மாற்றினேன், தீரவில்லை. ஏனென்றால் நேரம் நம் கையில் இல்லை. எந்த நேரத்தில் எங்கே இறக்கிவிடப்படுகிறோமோ அந்த நேரத்து வெளிச்சத்தில் எதை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. தஞ்சாவூர், தாராசுரம், காரைக்குடி, ராமேஸ்வரம் என்று நான்கு நாள் சுற்றுகிற, நம் ஊரில் எல்லோரும் போகிற பாதையை வைத்தே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

முதலில் பேரம். எல்லா ஊரிலும் விடியற்காலை வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. முழுப் பயணத்துக்கும் ஒரே ஒரு காலை, ஒரே ஒரு மாலை என்று கேளுங்கள், வீட்டில் சம்மதித்துவிடுவார்கள். அந்தக் காலை தஞ்சாவூருக்கு, மாலை தனுஷ்கோடிக்கு என்பது என் கணக்கு. அறை எடுக்கும்போது கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுத்துவிட்டால் ஆறு மணிக்குத் தனியாகப் போய் எட்டு மணிக்குள் திரும்பி, ஒன்றும் நடக்காதது போல இட்லிக்கு உட்கார்ந்துவிடலாம்.

அடுத்தது வரைபடம். போகிற இடம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கிழக்கு பார்த்த கோயிலின் முகத்தில் காலையில்தான் வெயில் விழும். மாலையில் போய் வாசலில் நின்றால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், கோபுரம் கறுப்பாக வரும், அப்புறம் கேமராவைத் திட்டிப் பயனில்லை.

லென்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் ஒன்று, கூடவே சின்னதாக, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு 35 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று. போதும். ஒருமுறை மூன்று லென்ஸும் கேமரா முக்காலியும் (டிரைபாட்) தூக்கிக்கொண்டு போனேன், இரண்டாம் நாளே பை வண்டியிலேயே தங்கிவிட்டது. முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சுவர் மேல் கேமராவை வைத்து இரண்டு விநாடி டைமரில் எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செட்டிங்கையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமை முறை (லென்ஸின் திறப்பை நாம் சொல்வோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), வெளியில் திறப்பு எஃப்/8, வெளிச்சத்தை வாங்கும் திறனான ஐஎஸ்ஓ ஆட்டோவில், குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 விநாடி. நடக்கிற ஆட்கள், ஓடுகிற குழந்தைகள் எல்லோரும் கலங்காமல் வருவார்கள். ரா (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டிலும் பதிவு செய்யுங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் உடனே அனுப்ப ஜேபெக், நாம் சொதப்பியதைப் பிறகு சரிசெய்ய ரா. எந்த செட்டிங் மாற்றினாலும் படுக்கப் போகும் முன் பழையபடி வைத்துவிடுங்கள். முந்தின இரவு தெருவில் எடுக்க ஐஎஸ்ஓவைக் கையால் 6400க்கு ஏற்றிவிட்டு, மறந்துபோய், மறுநாள் காலை முழுவதும் பளீர் வெயிலில் அதிலேயே எடுத்தவன் நான். அத்தனை படமும் மணல் தூவியது போல இருந்தது.

பெரிய கோயில்

ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தது. விமானம், அதாவது கருவறைக்கு மேலே உள்ள கோபுரம், இருநூறு அடிக்கு மேல். எல்லோரும் செய்கிற தவறு, கிட்டே போய் நின்று கேமராவை அண்ணாந்து பிடிப்பது. அப்படி எடுத்தால் விமானம் மல்லாக்கச் சாய்ந்தது போல வரும். நந்தி மண்டபத்துக்கும் பின்னால், வாசல் பக்கமாகப் போய்விடுங்கள். கேமராவை நிமிர்த்தி, சாய்க்காமல் பிடித்து, கீழே தரை நிறைய வந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டு வீட்டில் வந்து தரையை வெட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் சாய்ந்தே வந்தாலும் கணினியில் நிமிர்த்தலாம், அதற்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு அந்தக் கல் தேன் நிறத்துக்கு வரும். மாலையில்தான் போக முடிந்தது என்றால் வாசலில் நிற்காமல் நேராகப் பின்பக்கம், மேற்குச் சுற்றுக்குப் போங்கள். வெயில் அப்போது அங்கேதான் அடிக்கும், கூட்டமும் குறைவு. இதற்கிடையே யாராவது வந்து இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார். விழும். காலையிலும் மாலையிலும் முற்றம் முழுக்க நீளமாகவே விழும், அந்த நிழலின் ஓரத்தில் நடக்கிற ஒருவரை வைத்து எடுத்தால் விமானத்தின் அளவு என்ன என்பதும் படத்தில் வந்துவிடும்.

உச்சிவெயிலில் மாட்டிக்கொண்டீர்களா? முழுக் கோயிலையும் எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். மதிலை ஒட்டி ஓடுகிற சுற்று மாளிகைக்குள் ஏறுங்கள். நிழலும் கிடைக்கும், தூண் வரிசையும் கிடைக்கும், வெளியே இருந்து பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். குடும்பப் படத்தையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். நந்தி முன்னால்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தால் எல்லோருடைய கண்ணுக்குக் கீழும் கறுப்பு விழும். பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும். பாதம் சுடும்போது யாராலும் பொறுமையாகச் சட்டகம் பார்க்க முடியாது.

கருவறைப் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் போன்ற சில இடங்களில் செல்போனையே வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஒவ்வொரு கோயிலிலும் வாசலில் கேட்டுவிடுங்கள். ஒளித்து எடுக்கிற படத்தில் கை நடுக்கம்தான் பதிவாகும்.

தாராசுரம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் ராஜராஜன் கட்டியது. இங்கே பெரியதை விடச் சின்னதுதான் அழகு. உள்ளங்கை அளவுகூட இல்லாத சிற்பங்கள் அடித்தளத்தில் வரிசையாக ஓடும். இவற்றுக்கு வேண்டியது சாய்வெயில். பக்கவாட்டில் இருந்து வருகிற வெளிச்சம்தான் மேடு பள்ளத்தைக் காட்டும். ஃபிளாஷைப் போட்டு நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. வெயில் இல்லையென்றால் ஒருவரை போன் டார்ச்சோடு சிற்பத்தின் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள், என் அக்கா மகன் இந்த வேலையில் இப்போது தேர்ந்துவிட்டான். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதை மூன்று படமாக எடுங்கள்: ஒரு பாதியைக் கையால் மறைத்து ஒன்று, மறு பாதியை மறைத்து ஒன்று, முழுசாக ஒன்று.

காரைக்குடி

மத்தியானத்துக்கென்றே கட்டியது போன்ற ஊர். மற்ற இடங்களில் வில்லனாக இருக்கிற உச்சிவெயில் செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் நேராக இறங்கி, தரையில் பட்டு, சுற்றியுள்ள தாழ்வாரத்துக்குப் பரவும். டிரைவரிடம் சொல்லிப் பதினொன்றில் இருந்து இரண்டு மணிக்குள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். முற்றம் பளீரென்றும் தாழ்வாரம் இருட்டாகவும் இருப்பதால் கேமரா குழம்பும். வெளிச்சமான பகுதிக்கு அளவு வைத்து எடுத்து, இருட்டைப் பிறகு ராவில் தூக்குங்கள். வெளுத்துப் போனது திரும்பி வராது. ஆட்களை எடுப்பதென்றால் முற்றத்தின் விளிம்பில், நிழலுக்குள் ஓரடி தள்ளி, முற்றத்தைப் பார்த்து உட்காரவையுங்கள். பெரியம்மாவை அப்படி ஒரு படம் எடுத்தேன், அதைத்தான் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளின் தரையில் பதித்த ஆத்தங்குடி ஓடுகளை நேர் மேலிருந்து எடுத்தால் மட்டும் அழகு, சாய்த்து எடுத்தால் மேற்கூரையின் பிரதிபலிப்பு குறுக்கே வரும்.

தெரியாதவர்களை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை, பலருக்கு இதுதான் பெரிய கூச்சம். எனக்கும்தான். பூ விற்கிற அம்மாவைத் தூரத்தில் இருந்து ஜூம் போட்டு எடுப்பதை விட்டுவிட்டு, இரண்டு முழம் பூ வாங்குங்கள். பேசுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சரி என்றால் முதல் படத்தில் விறைப்பாக நிற்பார்கள், எடுத்து, திரையைக் காட்டுங்கள். அதைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்போது எடுக்கிற இரண்டாவது படம்தான் உங்களுக்கு வேண்டியது. பிரிண்ட் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்ப வேண்டும், அனுப்ப மாட்டீர்கள் என்றால் சொல்லாதீர்கள்.

பாம்பனும் தனுஷ்கோடியும்

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார்கள், பின்னால் பேருந்து வந்துகொண்டே இருக்கும், அங்கே குழந்தைகளோடு நிற்க வேண்டாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுகிற புதிய ரயில் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் வரும் என்று முன்பே வரைபடத்தில் பார்த்து அந்த ஜன்னலைப் பிடியுங்கள். கண்ணாடியைத் திறந்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/1000க்கு மேல் வைத்து, தொடர்ந்து எடுங்கள். கையை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் கேமராவுக்கு எதிரி மூன்று பேர்: காற்று, மணல், உப்பு. லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் வண்டிக்குள்ளேயே மாற்றிவிட்டு இறங்குங்கள். ஏசி அறையில் இருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஈரம் படிந்து பூத்துப் போகும், துடைத்தாலும் மறுபடி பூக்கும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவது மேல். வெள்ளை மணலைப் பார்த்ததும் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். கடல் கோடு சாயாமல் இருக்கத் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் இது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் குதித்துக் குதித்து எடுக்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அந்தச் சுவரின் பவளக்கற்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், மாலை வெயிலில் ஒவ்வொரு துளையும் தெரியும். இருட்டும் முன்பே அங்கிருந்து கிளப்பிவிடுவார்கள், எத்தனை மணி வரை விடுகிறார்கள் என்று முந்தின நாளே ஆட்டோக்காரரிடம் கேட்டுவையுங்கள். எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்கக் கையை முன்னால் நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்க வையுங்கள். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம், ஏறக்குறைய.

அறைக்கு வந்ததும் கேமராவை லேசாக ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்பு வெறும் துணிக்குப் போகாது. அன்றன்றைய படங்களை அன்றே இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள், மெமரி கார்டை வீடு திரும்பும் வரை அழிக்காதீர்கள். 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி நான்கு வைத்திருக்கிறேன், ஒன்று போனால் ஒரு நாள்தான் போகும்.

அப்புறம், தூங்கும் முன் வீட்டுக் குழுவில் பத்துப் படம் போட்டுவிடுங்கள். அதில் எட்டுப் படத்திலாவது நம் ஆட்கள் இருக்கட்டும். பெரியப்பா கண் மூடியிருப்பதை மட்டும் அனுப்பாதீர்கள், மறுநாள் காலைக்கு அனுமதி கேட்க வேண்டியது அவரிடம்தான்.