அரசு ஊழியரைச் சாட்சிக்கு அழைக்கும்போது பேட்டாவில் நேரும் தவறுகள்

சென்ற மாதம் என் அலுவலகத்தில் பயிற்சி பெறும் இளம் வழக்கறிஞர் ஒருவர், சார்பதிவாளருக்குச் சம்மன் கேட்டு எழுதிய மனுவைக் கொண்டுவந்து காட்டினார். சாட்சிப் படிக்கான, அதாவது பேட்டாவுக்கான, இடம் காலியாக இருந்தது. காரணம் கேட்டேன். "அரசு ஊழியர்தானே ஐயா, அவருடைய துறையே கொடுத்துவிடும்" என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே சொற்களை என் சீனியரிடம் நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் இதை எழுதியாக வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. பெயர்ப் பிழை, தேதிப் பிழை போன்றவற்றை நீதிமன்ற எழுத்தரே கண்டுபிடித்து மனுவைத் திருப்பிவிடுவார். ஆகவே அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

துறை கொடுத்துவிடும் என்று நம்புவது

குற்றவியல் வழக்கில் சாட்சியின் நியாயமான செலவை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 350-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அந்தப் பழக்கத்தை உரிமையியல் வழக்குக்குக் கொண்டுவரக் கூடாது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 16 விதி 2-இன்படி, சாட்சி நீதிமன்றத்துக்கு வந்து திரும்பும் செலவையும் ஒரு நாள் இருப்புக்கான செலவையும், சம்மன் வழங்கப்படுவதற்கு முன்பே, மனுச் செய்த 7 நாட்களுக்குள், அழைக்கும் தரப்பினர் நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும். சாட்சி அரசுச் சம்பளம் வாங்குபவர் என்பதால் இந்தக் கடமை நம்மை விட்டு நீங்குவதில்லை.

மத்திய அரசு ஊழியராக இருந்தால் நிலைமை இன்னும் கண்டிப்பானது. குற்ற வழக்கிலும், அரசே ஒரு தரப்பாக உள்ள உரிமையியல் வழக்கிலும், பணியின்போது தெரிந்துகொண்ட செய்தியைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தால், மத்திய அரசு ஊழியர்களுக்கான துணை விதிகளில் (Supplementary Rules) 154-ஆவதன்படி அவர் சுற்றுப்பயணத்துக்கு உரியதுபோல் துறையிடம் பயணப்படி பெறலாம். இரண்டு தனி நபர்களுக்கு இடையே நடக்கும் பாகப்பிரிவினை வழக்குக்கோ கிரய ஒப்பந்த வழக்குக்கோ வந்தால் துணை விதி 155 பொருந்தும். அதன்படி நீதிமன்ற விதிகள் அனுமதிக்கும் தொகையைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கிடையாது. அதாவது நாம் கட்டாத பணம் அவருடைய சொந்தச் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

ஆவணம் போதுமான இடத்தில் ஆளை அழைப்பது

பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் வாசகத்தைக் காட்டச் சார்பதிவாளரைக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. அவருடைய கையொப்பமும் முத்திரையும் பெற்ற நகல், பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி மூலத்தின் வாசகத்துக்குச் சான்றாகும். மூல ஆவணமே வேண்டுமென்றாலும், ஆவணத்தை மட்டும் கேட்டுச் சம்மன் பெற்றால், அதை வேறொருவர் மூலம் அனுப்பிவைப்பதே போதுமானது என்று கட்டளை 16 விதி 6 சொல்கிறது. ஓர் அலுவலரின் ஒரு நாள் வேலையும் கட்சிக்காரரின் பணமும் மிச்சமாகும்.

ஒரு நாள் பேட்டாவோடு நின்றுவிடுவது

இன்றும் என்னை உறுத்துவது இந்தத் தவறுதான். வாரத்துக்கு ஒரு முறையாவது யாரேனும் இதைச் செய்வதைப் பார்க்கிறேன்.

அது கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கு. வாதி ஒரு தேநீர்க் கடைக்காரர். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்திருந்தார். நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. பிரதிவாதியோ, அன்று தான் ஊரிலேயே இல்லை, அஞ்சல்காரர் வரவே இல்லை என்று சத்தியம் செய்து சாட்சி சொன்னார். ஆகவே குறிப்பை எழுதிய அஞ்சல்காரரை அழைத்தே தீரவேண்டியிருந்தது. அவர் அதற்குள் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றலாகியிருந்தார். ஒரு நாள் பேட்டா கட்டினேன். சம்மன் அவருடைய அலுவலகத் தலைவர் வழியாகச் சார்வு செய்யப்பட்டது, அதாவது அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டது.

விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து அவர் வந்துவிட்டார். நீதிமன்றத் தாழ்வாரத்தில், அலுவலகக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்து, பேருந்துச் சீட்டுகளை அதன்மேல் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு மாலை நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தார். முதல் விசாரணை, அதாவது அவரை அழைத்த நான் கேள்வி கேட்பது, கால் மணி நேரத்தில் முடிந்தது. குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வாய்தா கேட்டது; நீதிமன்றமும் கொடுத்தது. தேதியைச் சொன்னேன்; அவர் தலையசைத்தார். படியிறங்கும்போது என் குமாஸ்தாவிடம், "அடுத்த தடவைக்கும் படி கிடைக்குமா சார்?" என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கும் அவர் வந்தார். அன்று நீதிபதி விடுப்பு. மூன்றாவது வாய்தாவுக்கு வரவில்லை. நான் எழுந்து அவருக்கு எதிராகப் பிடியாணை கேட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமைதியாகக் கட்டளை 16 விதி 4-ஐப் படித்தார்: சாட்சியை ஒரு நாளுக்குமேல் நிறுத்திவைக்க நேர்ந்தால், அழைத்த தரப்பினர் மேற்கொண்டு பணம் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம், கட்டாவிட்டால் அவருடைய அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், அல்லது சாட்சியை விசாரிக்காமலே விடுவிக்கலாம். கட்டினீர்களா என்று நீதிபதி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாட்சி விடுவிக்கப்பட்டார். குறுக்கு விசாரணைக்கு உட்படாத அந்தக் கால் மணி நேரச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை; நோட்டீஸ் நிரூபிக்கப்படவில்லை; வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் அதைச் சரிசெய்ய ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளும் தேநீர்க் கடைக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தன் பணத்தைச் செலவழித்துக்கொண்டு இரண்டாம் முறை வந்துபோன ஒரு கடைநிலை ஊழியர்மீது பிடியாணை கேட்டேனே என்ற வருத்தமும் இன்றுவரை தீரவில்லை.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வாய்தா அறிவிக்கப்பட்டவுடன், சாட்சி கூண்டை விட்டு இறங்குவதற்கு முன்பே, அடுத்த நாளுக்கான படியை நிர்ணயிக்கும்படி நீதிமன்றத்தைக் கேளுங்கள். அன்றே மெமோ (நீதிமன்றத்துக்குத் தரும் சிறு எழுத்துக் குறிப்பு) தாக்கல் செய்து பணத்தைக் கட்டுங்கள். வாய்தா கேட்டது எதிர்த்தரப்பென்றால், கட்டளை 17 விதி 1-ஐக் காட்டி, சாட்சியின் செலவை அவர்களே ஏற்கவேண்டுமென்று வாதிடுங்கள். சாட்சி வந்திருந்தும் விசாரிக்கத் தயாராக இல்லாத தரப்பினரின் குறுக்கு விசாரணையையே விலக்கி உத்தரவிட அந்த விதி இடம் தருகிறது. நீதிபதி விடுப்பில் இருந்தாலும் சாட்சிக்கு வருகைச் சான்று வாங்கிக்கொடுத்த பிறகே அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் அந்த நாளை அலுவலகம் அவருடைய விடுப்புக் கணக்கில் எழுதிவிடக்கூடும்.

பயணச் செலவையும் தினப்படியையும் ஒரே தொகையாக எழுதுவது

மேலே சொன்ன துணை விதி 155-இன்படி, பயணச் செலவாகக் கிடைத்ததை ஊழியர் வைத்துக்கொள்ளலாம். பிழைப்புப் படியாகவோ (தினப்படி) இழப்பீடாகவோ கிடைத்ததை அரசுக் கணக்கில் செலுத்திய பிறகே அந்த நாளுக்கான முழுச் சம்பளத்தைப் பெறமுடியும். மெமோவில் இரண்டையும் கலந்து எழுதினால், எது எவ்வளவு என்று அவர் தன் அலுவலகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். தனித்தனி வரியாக எழுதுங்கள்.

பணத்தைக் கையில் கொடுப்பது

கொடுக்காதீர்கள். சம்மனைத் தரப்பினரே நேரில் சார்வு செய்ய நீதிமன்றம் அனுமதித்திருந்தால் மட்டும், ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள்.

தூரத்தைக் கணக்கிடாமல் அழைப்பது

நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே வசிப்பவரென்றால் 100 கிலோமீட்டருக்குள்ளும், வழியில் ஆறில் ஐந்து பங்குக்கு ரயிலோ பேருந்தோ இருந்தால் 500 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும் என்கிறது கட்டளை 16 விதி 19. அதற்கு மேலென்றால் விமானக் கட்டணம் கட்டவேண்டும், அல்லது நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் மூலம் விசாரிக்கக் கோரவேண்டும்.

ரசீதைத் தொலைப்பது

வழக்கில் வென்றால் சாட்சிகளுக்குச் செலவழித்ததைச் செலவுத் தொகையில் சேர்த்துக் கேட்கலாம். ரசீது இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். சாட்சி வராமலோ விசாரணை தேவைப்படாமலோ போய் மிஞ்சிய பேட்டாவை நீதிமன்றம் தானாகத் திருப்பித் தராது; அதற்கென்று மனுப் போடவேண்டும்.