பயறு மரபியலுக்கு வருகிறீர்களா? முதலில் வயலில் இறங்குங்கள்

மரபியல் மற்றும் பயிர் இனப்பெருக்கத்தில் எம்.எஸ்சி. சேர்ந்து, பயறு வகையில் ஆராய்ச்சி செய்யலாம் என்று வருகிறவர்கள் எடுத்தவுடனே கேட்பது டிஎன்ஏவைப் படிக்க எந்த சீக்வென்சிங், எந்த சாஃப்ட்வேர் என்றுதான். துவரையின் மரபணுத் தொகுப்பு 2011லேயே வெளிவந்துவிட்டது, கொண்டைக்கடலைக்கு 2013, பாசிப்பயறுக்கு 2014. அந்தத் தகவல் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் நீங்கள் கட்டும் ஒட்டிலும் (ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்ப்பது) வயலில் எடுக்கும் கணக்கிலும் இருக்கிறது.

பயிரை யோசித்து எடுங்கள். துவரை நல்ல பயிர்தான், ஆனால் நீண்டகால ரகம் என்றால் வயலில் ஐந்தாறு மாதம் நிற்கும், தேனீ வந்து மகரந்தத்தைக் கலந்துவிடும், தூய விதை வேண்டுமானால் வலை போட வேண்டும். உளுந்து 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும், தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், பாசன வசதி இருந்தால் ஆடி, புரட்டாசி, தை என்று வருடத்துக்கு மூன்று பட்டம்கூடப் போடலாம். மூன்று வருட பிஎச்.டி.க்குள் தலைமுறைகளை நகர்த்த வேண்டியவருக்கு என் சிபாரிசு உளுந்து அல்லது பாசிப்பயறு. புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், வி.பி.என். என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

இனி ஒட்டுக்கட்டுவது. உளுந்துப் பூ விரிவதற்கு முன்பே, இரவிலேயே, மகரந்தப் பை வெடித்துவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வேலையை முடிக்க வேண்டும். மறுநாள் காலையில் விரியப்போகிற, லேசாக மஞ்சள் தட்டிய மொட்டாகப் பார்த்து எடுங்கள். அதே கொத்தில் இருக்கும் மற்ற மொட்டு, பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்து அவற்றுக்குப் போய் உங்கள் மொட்டு உதிர்ந்துவிடும். மொட்டை இரு விரலுக்கு நடுவில் மெதுவாகப் பிடித்து, ஊசியால் மேல் இதழைக் கீறி விலக்கினால் உள்ளே சுருண்டிருக்கும் படகு இதழ் தெரியும். அதையும் பிரித்தால் பத்து மகரந்தத் தாள்கள், ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். பத்தையும் எண்ணி எடுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் காய்ப்பது தாயின் சொந்த விதைதான். சூல்முடியில் இடுக்கி பட்டால் அந்த மொட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், தந்தைச் செடியில் அப்போதுதான் விரிந்த பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, தாய், தந்தை, தேதி எழுதிய லேபிளைக் கட்டிவிடுங்கள். பத்தில் ஒன்றிரண்டு பிடித்தாலே சந்தோஷப்படலாம். மனம் தளராமல் தினமும் கட்டுங்கள், கை பழகப் பழகக் கூடும்.

பிடித்த விதை உண்மையில் ஒட்டுதானா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. காயில் ரோமம் இருப்பது ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். ரோமமில்லாத ரகத்தைத் தாயாகவும் ரோமமுள்ளதைத் தந்தையாகவும் வைத்தால், முதல் தலைமுறையில் ரோமமில்லாமல் காய்த்த செடியை அங்கேயே பிடுங்கிப் போடலாம். மிச்சத்தை டிஎன்ஏ மார்க்கர் (தாயையும் தந்தையையும் பிரித்துக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மஞ்சள் தேமல் நோய். உளுந்தில் நம் ஊரில் செய்யும் ஆய்வுகளில் பெரும்பாலும் இதைத் தொடாமல் போக முடியாது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது, எனவே சோதனை வயலில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. சில வரிசைக்கு ஒரு வரிசை, கோ 5 மாதிரி நோய்க்கு எளிதில் விழும் ரகத்தை ஊன்றுங்கள். அந்த வரிசை முழுக்க மஞ்சளான பிறகுதான் மற்ற செடிகளுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். அது பாதி பச்சையாக இருக்கும்போது பக்கத்துச் செடி பச்சையாக நிற்பதில் அர்த்தமில்லை, ஈ அந்தப் பக்கம் வராமலும் இருந்திருக்கலாம். ஒரே பட்டத்தை நம்பி எதிர்ப்புத் திறன் என்று எழுதிவிடாதீர்கள். வடக்கே பரவலாக இருப்பது இதே நோயை உண்டாக்கும் வேறு வைரஸ் இனம், கான்பூரில் தாக்குப்பிடித்த செடி வம்பனில் விழுந்துவிடலாம். இந்தக் கணக்கு சுத்தமாக இருந்தால், இரண்டாம் தலைமுறையில் நன்றாகத் தாங்கியவற்றின் டிஎன்ஏவை ஒரு கூட்டாகவும் மோசமாக விழுந்தவற்றை இன்னொரு கூட்டாகவும் கலந்து மார்க்கர் தேடலாம். 1991ல் லெட்டூஸ் கீரையில் காட்டிய முறை, இன்றைக்கும் செலவு குறைவு.

நெட் தேர்வு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் சீனியர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். விதையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயறு வண்டு புகுந்தால் சில மாதத்தில் உறையில் மாவுதான் மிஞ்சும். அறுவடை செய்ததும் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு செடியின் விதையிலும் பாதியைத் தனி உறையில் போட்டுக் குளிர்பதன அறையில் வைத்துவிட்டு, மீதியை மட்டும் விதையுங்கள்.