வெள்ளையடிக்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

குடியிருந்தவர்கள் காலி செய்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். பாளையங்கோட்டைப் பக்கம் 26 வருடமாக வயரிங் வேலை பார்க்கிற நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அதற்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக் பாயிண்ட் ஓரத்தில் இருக்கும் லேசான கருகல், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஓதம் இறங்கிய கறை எல்லாம் பெயிண்ட் அடித்த பிறகு கண்ணில் படாது. உள்ளே தளர்ந்த ஸ்க்ரூ அப்படியேதான் இருக்கும்.

காலி வீட்டில் இன்னொரு வசதி உண்டு. ஃப்ரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் எதுவும் மாட்டியிருக்காது. மெக்கர் (வயரின் மேலுறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து வயரின் இன்சுலேஷனைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனில் எங்கோ ஈரமோ உரிந்த வயரோ இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் இந்தச் சோதனையை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

நீங்களே பார்க்கக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. மெயின் பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் பலர் இதையும் இஎல்சிபி என்றே சொல்வார்கள். அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். 100, 300 என்று இருந்தால் அது தீப்பிடிக்காமல் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் பட்டன் வேலை செய்வதால், கசியும் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

எர்த்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த அம்மா, குளிக்கும்போது குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்காரர் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பகல் வெளிச்சத்தில், ரப்பர் செருப்போடு நின்று பார்த்தால் டெஸ்டரின் மங்கல் ஒளி எப்படித் தெரியும்? நான் போய்ப் பார்த்தபோது உப்புத் தண்ணீரில் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் ஓட்டை விழுந்து கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. எர்த் வயர் மெயின் பெட்டி வரை சரியாகத்தான் வந்திருந்தது. பின்பக்கம் போனால் எர்த் குழியின் மேல் புது டைல்ஸ். வேலை செய்தவர்கள் குழிக்குப் போகும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைத் தரையோடு வெட்டிவிட்டிருந்தார்கள். சுவரில் ஒரு சாண் நீளம் மட்டும் தொங்கியது. ஆர்சிசிபியும் கிடையாது. கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல் அதே எர்த் வயர் வழியாகக் கீழ் வீட்டு வாஷிங் மெஷின் வரை ஏறியிருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது எர்த் குழி எங்கே என்றுதான். எர்த் டெஸ்டரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) 5 ஓமுக்குள் வராமல் நான் விடுவதில்லை. கோடையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதை மறக்காதீர்கள்.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே எர்த் முனையையும் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் (இரண்டு வயர் மாட்டிய சோதனை பல்பு) வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், அந்த பாயிண்ட்டில் மாட்டிய கிரைண்டர், ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அதனால் நாலு பாயிண்ட்டையாவது கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். பச்சை வயர் தனியாக வந்து எர்த் முனையில் இறுகியிருக்க வேண்டும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் பேஸுக்கும் (கரண்ட் வரும் முனை) எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்தால் ஆர்சிசிபி விழ வேண்டும். விழாமல் விளக்கு எரிந்தால் ஒன்று இந்தத் திருட்டு இணைப்பு, இல்லாவிட்டால் ஆர்சிசிபி செத்துவிட்டது. இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம், வயர்மேனிடம் விடுங்கள்.

அப்புறம் எம்சிபி, அதாவது லோடு அதிகமானால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச். ஏசி போட்டதும் அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டிருப்பார்கள். எம்சிபி இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். இரண்டரை ஸ்கொயர் எம்எம் வயருக்கு 32 போட்டால் வயர் வெந்த பிறகும் அது விழாது. ஏசிக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபி போடுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயருக்குப் பக்கத்தில் இருந்தால் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

சோதனை முடிந்ததும் தேதி, மெக்கர் ரீடிங், எர்த் ரீடிங் மூன்றையும் மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைப்பேன். சாவி கொடுக்கும் அன்று குடிவருகிறவரை அங்கே கூட்டிப்போய், அவர் கையாலேயே டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும், இன்வெர்ட்டர் வைத்தால் மெயினை அணைத்தாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.