இஞ்ச் டேப் கொண்டு உடற்கொழுப்பைக் கணக்கிடும் முறை

எடை எந்திரம் காட்டும் எண்ணில் எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாம் கலந்தே இருக்கின்றன. உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்குக்கும் இதே குறை உண்டு. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் லான்செட் இதழில் எழுதிய குறிப்பில், இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3 என ஒன்றாகவே இருக்க, உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதமாகவும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமாகவும் இருந்தது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடையே பரவலாக உள்ளதால், எடை சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைவதற்கு முன் இடுப்பை அளந்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இடுப்பளவிலிருந்து உடற்கொழுப்புச் சதவீதத்தைக் கணக்கிட, அமெரிக்காவின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவ மைய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சூத்திரம் மிக எளியது. உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து 20ஆல் பெருக்கி, வரும் எண்ணை ஆண்கள் 64இலிருந்தும் பெண்கள் 76இலிருந்தும் கழிக்க வேண்டும். 170 செ.மீ. உயரமும் 85 செ.மீ. இடுப்பும் உள்ள ஆணுக்கு 64இல் 40 போக 24 சதவீதம் கிடைக்கும். 155 செ.மீ. உயரமும் 80 செ.மீ. இடுப்பும் உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 37 சதவீதம் வரும். பெண்ணுடலில் இயல்பாகவே கொழுப்பு கூடுதல் என்பதால் இவ்விரு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

கணக்கைவிட அளப்பதில்தான் கவனம் தேவை. பேன்ட் அளவு இடுப்பளவு ஆகாது, ஏனெனில் தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், மலசலம் கழித்தபின், விலாப்பக்கத்தை விரலால் அழுத்தி இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கண்டறிந்து, அதன்மேல் துணியின்றி டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் முதுகுப்புறம் சரியாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், தோலை அழுத்தாமல் அளவைக் குறிக்கவும். மேலே சொன்ன ஆணுக்கு 2 செ.மீ. தவறினால் விடை கிட்டத்தட்ட 1 சதவீதம் மாறிவிடும். பல ஆண்டுகள் புழங்கிய துணி டேப் நீண்டுபோயிருக்கக்கூடும் என்பதால், அதை அடிக்கோலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

வெவ்வேறு கொழுப்புச் சதவீத உடல்களைக் காட்டும் படங்களோடு தம் உடலைக் கண்ணாடியில் ஒப்பிட்டு மதிப்பிடும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. வெளிச்சமும் நிற்கும் விதமும் மாறினாலே தோற்றம் மாறிவிடுகிறது.

இச்சூத்திரம் அமெரிக்கப் பெரியவர்களின் அளவுகளைக் கொண்டு உருவானது. ஆகவே விடையைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது பொருந்தாது. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து குறித்துவந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். சதவீதம் எதுவாயினும், இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ.யையும் பெண்களுக்கு 80 செ.மீ.யையும் தாண்டியிருந்தால், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.